என்டர் அக்கா

அவரை எங்கள் ஆபீஸில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘என்டர் அக்கா’ என்றுதான் சொல்வோம். மூன்று வரி அடித்ததும் என்டர் பட்டனை ஒரு தட்டு, உடனே இன்னொரு தட்டு. திரையில் ஒரு வெள்ளை இடைவெளி விழும். பிறகு அடுத்த மூன்று வரி. மாடிப்படி ஏறும்போதே அந்த ‘டொக் டொக்’ காதில் விழும். மற்ற எழுத்தெல்லாம் பூப்போலத் தொடுகிறவர், அந்த ஒரு பட்டனை மட்டும் கதவைத் தட்டுவதுபோலத் தட்டுவார். அதில் இருந்த அம்புக்குறி தேய்ந்தே போயிருந்தது.

ஆபீஸ் என்றால் பெரிய ஆபீஸ் இல்லை. விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரே ஹால். அங்கிருந்துதான் எங்கள் செய்தித் தளம் ஓடிக்கொண்டிருந்தது. பேப்பரில் அச்சடிப்பது கிடையாது, எல்லாம் போனில் படிக்கிறவர்களுக்கு. நான் திண்டிவனத்தில் பைக்கில் சுற்றிச் செய்தி சேகரித்து அனுப்புவேன். அதை வெட்டி ஒழுங்கு செய்து தளத்தில் ஏற்றுவது அக்காவின் வேலை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர்.

நான் அதற்கு முன் மாலைப் பேப்பர் ஒன்றில் இருந்தவன். ஊர், பேர், தகப்பன் பேர், வண்டி நம்பர், காயம், வழக்குப் பதிவு எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் கோத்து முடித்தால்தான் எனக்கு எழுதினாற்போல இருக்கும். அனுப்பிய பத்து நிமிஷத்தில் அக்காவிடமிருந்து போன் வந்துவிடும்.

“ஏம்பா, ஒரே மூச்சுல இம்மாம் நீளம் எழுதிக்கினு வந்திருக்கியே, படிக்கிறவங்க மூச்சு விட வேணாமா?”

“எல்லாம் ஒரே விஷயம்தானேக்கா. எங்க பிரிக்கிறது?”

“எங்க ஒரே விஷயம்? லாரி கவுந்தது ஒண்ணு. ரோடு அடைச்சிக்கினு கிடக்கிறது ஒண்ணு. பஸ்ஸு எந்த வழியா சுத்திக்கினு போவுதுன்றது ஒண்ணு. ஸ்டாண்டுல நிக்கிறவனுக்கு மூணாவதுதான் வேணும். அவனை ஏன் லாரி நம்பரெல்லாம் படிக்க வைக்கிற?”

எனக்குக் கோபம் வரும். நான் எழுதியதை யாரோ கறி நறுக்குவதுபோல நறுக்குவதாகத் தோன்றும். ஆனால் ஏற்றிய பிறகு போனில் திறந்து பார்த்தால், சொன்னபடி அந்த மூன்றாவது விஷயம் தனியாக, ஒரு பார்வையில் பிடிபடும்படி நிற்கும். திட்டிக்கொண்டே ஒத்துக்கொள்வேன்.

எதையும் கம்ப்யூட்டரில் பார்த்து அவர் திருப்திப்பட்டதில்லை. மூலையில் விரிசல் விட்ட தன் போனில் திறந்து, கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். ஒரு பத்தி திரை முழுக்க அடைத்து நின்றால், “செவுரு மாதிரி நிக்குது பாரு” என்று மறுபடி கம்ப்யூட்டருக்குத் திரும்புவார். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் கோலியனூரில் இருக்கிற அம்மாவுக்குப் போன் போட்டு முதல் பத்தியைப் படித்துக் காட்டுவார். அம்மா “யாரு?” என்றோ “எங்க?” என்றோ திருப்பிக் கேட்டால் அது தேறவில்லை என்று அர்த்தம். “சரி, அப்புறம் இன்னா ஆச்சி?” என்று கேட்டால் தேறிவிட்டது. எங்கள் தளத்தின் முதல் வாசகி அந்த அம்மாதான். வயல் வேலைக்குப் போய்வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரலை வைத்துப் படிக்கிறவர்.

அந்த அம்மா படிக்கக் கற்றதே மகளிடம்தான். ஒருநாள் கோலியனூர் கூட்டு ரோட்டில் டீ குடிக்கும்போது அக்கா அதைச் சொன்னார். விழுப்புரம் தனி மாவட்டமான தொண்ணூற்று மூன்றாம் வருஷம். அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டு, மேலே படிக்க வழியில்லாமல் வீட்டில் இருந்தார். அப்போது பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்பு ஊரூராக நடந்துகொண்டிருந்தது. அவர்கள் காலனியில் சொல்லிக்கொடுக்க அக்காவைப் பிடித்தார்கள். நாற்று நட்டுவிட்டு, மல்லாட்டைச் செடி பிடுங்கிவிட்டு, கையில் மண்வாசனையோடு பெண்கள் வந்து உட்காருவார்கள். அ, ஆ எல்லாம் வந்துவிட்டது. சொல் வந்துவிட்டது. பாடம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுத்தைப் பார்த்ததும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

“எங்கம்மாவே புக்கை மூடிட்டாங்கப்பா. ‘நாத்தங்கால் மாதிரி இருக்குது, உள்ள எறங்குனா வழி தெரியலடி’ன்னாங்க. நான் இன்னா பண்ணேன், ரெண்டு ரெண்டு வரியா பிரிச்சி, நடுவுல எடம் விட்டு, போர்டுல எழுதினேன். அதே பாடம்தான். படிச்சிட்டாங்க.”

அதன்பிறகு திண்டிவனத்தில் ஒரு டிடிபி சென்டரில் பல வருஷம் டைப் அடித்தார். கல்யாணப் பத்திரிகை, கருமாதி அட்டை, கோயில் நோட்டீஸ். அங்கேயும் இடம் விட்டு இடம் விட்டுத்தான் அடிப்பாராம். பேப்பர் வீணாகிறது என்று அங்கே திட்டு. எங்கள் தளத்தில் அந்தத் தொல்லை இல்லை. போனில் எவ்வளவு இடம் விட்டாலும் பேப்பர் செலவாகாது.

எங்கள் முதலாளிக்கு அக்காவை ரொம்பப் பிடிக்கும். ஆனால் காரணம் வேறு. பத்தி சின்னதாக இருந்தால் நடுவில் விளம்பரம் சொருகலாம். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் விரும்புகிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள்தான் அது இல்லை என்று தெரிந்தது.

கிளியனூர்ப் பக்கம் நடவுக்குப் பெண்களை ஏற்றிப்போன வேன் கவிழ்ந்து மூன்று பேர் இறந்துபோனார்கள். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று பெயர்களைப் போனில் சொல்லச் சொல்ல அக்கா அடித்தார். முதல் பத்தியில் இறந்தவர்கள் பெயர், ஊர். இரண்டாவதில் காயம்பட்டவர்கள் பெயர். மூன்றாவதில் எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு. எப்படிக் கவிழ்ந்தது என்பதெல்லாம் அதற்கும் கீழே. ஏற்றிய சற்று நேரத்தில் முதலாளி வந்தார், போனை வைக்காததால் எனக்கும் கேட்டது.

“பேரை எல்லாம் கீழ தள்ளும்மா. மேலயே குடுத்துட்டா பார்த்துட்டுப் போயிடுறாங்க. யாரு கடைசி வரைக்கும் வருவான்?”

“பேரைத் தேடிக்கினு வர்றவங்க சார் அவங்க” என்றார் அக்கா. “பொண்டாட்டி அந்த வேன்ல போயிருப்பா. அவனைப் போயி கீழ வா, கீழ வான்னு இழுக்கச் சொல்றீங்களா?”

முதலாளி போய்விட்டார். பெயர்கள் மேலேயே இருந்தன. ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, வேறு யாரையும் எதுவும் கேட்காமல், நேராக வார்டைப் பார்த்து ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். அதை அக்காவிடம் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் அந்தப் பலூன்காரர் விஷயம் நடந்தது.

பிரம்மதேசத்தைத் தாண்டி ஒரு ஊரில் அம்மன் கோயில் திருவிழா. கூட்டத்தில் நான்கு வயதுப் பெண் குழந்தை அம்மாவின் கையை விட்டுவிட்டது. பலூன் விற்க வந்திருந்த ஒருவர், மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், அழுதுகொண்டு நின்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மாவைத் தேடினார். பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்று போனுக்குப் போன் வதந்தி பறந்துகொண்டிருந்த காலம் அது. நாலு பேர் அவரை மடக்கிப் பிடித்து போலீஸில் ஒப்படைத்தார்கள். அதற்குள் குழந்தையின் அம்மா வந்துவிட்டார். குழந்தை அம்மாவிடம் போனது, பலூன்காரரை அனுப்பிவிட்டார்கள். நான் என் வழக்கப்படி எல்லாவற்றையும் ஒரே நீள வாக்கியமாக எழுதி அனுப்பினேன்.

அக்கா அதை மூன்றாகப் பிரித்தார். முதல் பத்தி இதுதான்: “திண்டிவனம் அருகே கோயில் திருவிழாவில் காணாமல்போன நான்கு வயதுச் சிறுமியைத் தூக்கிச் சென்ற பலூன் வியாபாரியைப் பொதுமக்கள் பிடித்தனர்.” இரண்டாவது பத்தியில் போலீஸ் விசாரணை. அழுத குழந்தையைத் தாயிடம் சேர்க்கத்தான் தூக்கிப்போனார், அவர் மேல் தவறில்லை என்பது மூன்றாவதில்.

யாரோ முதல் பத்தியை மட்டும் போனில் படம் பிடித்தார்கள். வேறு யாரோ திருவிழாவில் எடுத்த அந்த மனிதரின் போட்டோவை அதற்கு மேலே ஒட்டினார்கள். அது கிளம்பிவிட்டது.

அடுத்த வாரம் வேறொரு ஊர்த் திருவிழாவுக்குப் போவதற்காக, பலூன் கட்டிய கழியோடு ஒரு பஸ் ஸ்டாப்பிங்கில் அவர் நின்றிருக்கிறார். யாரோ போனைப் பார்த்தார்கள், அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடிவந்து குறுக்கே விழுந்திருக்காவிட்டால் அவரை அங்கேயே கொன்றிருப்பார்கள்.

நான் அக்காவுக்குப் போன் செய்தேன்.

“அக்கா, அந்தப் பலூன்காரரை அடிச்சிட்டாங்க.”

“உசுரு இருக்குதா?”

“இருக்குது. கை ஒடஞ்சிருக்குது. கண்ணுலயும் அடி.”

“எதை வச்சி அடிச்சாங்க?”

“கட்டைன்றாங்க, கல்லுன்றாங்க…”

“அதைக் கேக்கலப்பா. எதைப் பார்த்துட்டு அடிச்சாங்க?”

என்னிடம் வந்திருந்த படத்தை அனுப்பினேன். அவர் எழுதிய பத்திதான். எங்கள் தளத்தின் பெயர் மேலே இருக்கிறது. அதன்பிறகு அன்று அவர் போனை எடுக்கவில்லை.

மறுநாள் ஆபீஸுக்கு வந்தபோது முகம் வீங்கியிருந்தது. முந்தைய நாள் சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் அம்மா போனை நீட்டியிருக்கிறார். “பாருடி, கொழந்தைய தூக்கிக்கினு ஓடுறவனாம். இவன் கைய ஒடைக்க வேணாமா?” அதே படம். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக அம்மாவே படித்திருக்கிறார். யாரு, எங்க என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லாம் புரிந்துவிட்டது.

அக்கா முதலாளியிடம் போனார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“நாம போட்டதுல ஒரு வரி தப்பு இருக்குதா சொல்லும்மா” என்றார் முதலாளி. “மூணாவது பாராவுல தெளிவா போட்டிருக்கோம், அவர் மேல தப்பு இல்லேன்னு.”

“தப்பு இல்ல சார். அதான் பேஜாரே. தப்பா இருந்தா தப்புன்னு சொல்லிடலாம்.”

“அவனுங்க பாதியை வெட்டி அனுப்பினதுக்கு நாம இன்னா பண்றது?”

“வெட்டினது அவங்க இல்ல சார். வெட்டிக் குடுத்தது நான். அவங்க எடுத்துக்கினாங்க.”

அன்று மதியம் என் பைக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பலூன்காரர் முகம் முழுக்கக் கட்டோடு தூக்கத்தில் இருந்தார். கட்டிலுக்குக் கீழே தரையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். அக்கா எதிரில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். “அண்ணியாரே, உங்க வூட்டுக்காரரைப் பத்தி போன்ல வந்துச்சே, அதை எழுதினது நான்தான்.”

அந்த அம்மா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“எனக்குப் படிக்கத் தெரியாது. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீ இன்னா எழுதின? படி.”

அக்கா போனைத் திறந்தார். முதல் பத்தியைப் படித்தார்.

“அப்புறம்?” என்றார் அந்த அம்மா.

இரண்டாவது பத்தி.

“அப்புறம்?”

மூன்றாவதையும் படித்து முடித்தார் அக்கா. அந்த அம்மா கட்டிலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார், “கடைசியில சொன்னதை மொதல்லயே சொல்லியிருந்தா இன்னா?”

அக்கா கை நீட்டி அந்த அம்மாவின் முழங்காலைத் தொட்டார். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து விழுப்புரத்துக்குத் திரும்பவில்லை. “அந்தக் கொழந்தையோட அம்மாவைப் பார்க்கணும், வுடு வண்டிய” என்றார். விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அந்தப் பெண் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். “அவரு இல்லாங்காட்டி எம்பொண்ணு அந்தக் கூட்டத்துல மிதிபட்டிருக்கும்க்கா. அவர் சட்டையைப் புடிச்சிக்கினு எறங்கவே மாட்டேன்னுச்சி. ஸ்டேஷன்லயே நான் சொன்னேன். யாரு காதுல போட்டுக்கினாங்க?”

அக்கா அன்றே எழுதி, முதலாளியைக் கேட்காமலே ஏற்றினார். ஆறு பத்தி. ஒவ்வொன்றும் மூன்று வரிதான். ஆனால் ஒவ்வொரு பத்தியிலும் முதல் வரி ஒன்றே: “இவர் குழந்தையைக் கடத்தியவர் அல்ல, தாயிடம் சேர்க்கத் தேடியவர்.” தாய் சொன்னதைச் சொல்கிற பத்தியிலும் அது இருந்தது. அவர் அடிபட்டதைச் சொல்கிற பத்தியிலும் இருந்தது. முந்தைய செய்தியைப் பிரித்துப் போட்டது எங்கள் பிழை என்கிற பத்தியிலும் இருந்தது. எதை மட்டும் தனியாக வெட்டி எடுத்தாலும் அந்த வரி கூடவே போகும்.

முதலாளி சத்தம் போட்டார். வழக்கு வந்தால் நாமே ஒத்துக்கொண்டதுபோல ஆகிவிடும் என்றார். “ஒத்துக்கலாம் சார்” என்று மட்டும் சொன்னார் அக்கா. எடுக்கச் சொன்னபோது அவர் எடுக்கவில்லை. முதலாளியும் எடுக்கவில்லை.

அந்தப் படம் போன வேகத்தில் இது போகவில்லை. அதுதான் நடந்தது. அக்கா விடாமல், யார் யார் அந்தப் படத்தை அனுப்பினார்கள் என்று ஒருவரைப் பிடித்து அடுத்தவரைக் கேட்டு, போன் மேல் போன் போட்டார். “நீங்க அனுப்பின படத்துல இருக்கிறாரே, அவரு நல்லவருங்க. இப்போ ஒண்ணு அனுப்புறேன், அதையும் அனுப்புங்க.” சிலர் அனுப்பினார்கள். சிலர், “எனக்கு வந்துச்சி, நான் அனுப்பினேன், எனக்கின்னா தெரியும்?” என்று வைத்துவிட்டார்கள். கட்டை எடுத்தவர்களில் இரண்டு பேரை போலீஸ் பிடித்தது. அவர்களும் அதையேதான் சொன்னார்களாம்.

அதற்குப் பிறகு அக்கா எழுதுவது மாறிப்போனது. பத்தி இப்போதும் சின்னதுதான். ஆனால் எழுதி முடித்ததும் போன் திரையில் ஒரு பத்தியை மட்டும் விட்டு, மேலும் கீழும் உள்ளங்கையால் மறைத்துக்கொள்வார். “இது மட்டும் தனியா ஒருத்தன் கைக்குப் போனா?” என்று கேட்டுக்கொள்வார். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் முதலிலிருந்து எழுதுவார். ஒரு திருட்டுச் செய்தி ஏறுவதற்குள் மற்ற தளங்களில் எல்லாம் வந்து பழசாகிவிடும். முதலாளி பொறுத்துப் பார்த்தார். கடைசியில் சண்டை ஒன்றும் இல்லாமல், ஒரு மாதக் கடைசியில் அக்காவே நின்றுகொண்டார். கோலியனூரிலேயே ஒரு டிடிபி கடையில் உட்கார்ந்தார். ஆபீஸில் ‘என்டர் அக்கா’ என்று சொல்வதை நாங்கள் எப்போது நிறுத்தினோம் என்று ஞாபகம் இல்லை.

ஆனால் குப்பத்துக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. முதல் இரண்டு தடவை பலூன்காரரின் மனைவி வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். மூன்றாவது தடவை தண்ணீர் கொடுத்தார். அடுத்த வருஷம் ஒருநாள் நானும் கூடப் போனேன்.

பலூன்காரர் விற்கப் போவதை விட்டிருந்தார். ஒரு கண்ணில் பார்வை பாதி. இடது கை முழுக்க நீளாது. படகு நிறுத்துகிற இடத்தில் வலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் போய் மணலில் உட்கார்ந்தார். மழை வருமா, மீன் படுகிறதா என்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அடி வாங்கியதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று, நடை பழகி கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், தத்தித் தத்தி வந்து பலூன்காரருக்கு எதிரிலேயே விழுந்தது. மணல் வாயில் அப்பிக்கொண்டு வீறிட்டது. கை நீட்டினால் எட்டும் தூரம். நான் எழுந்துவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் தூக்கட்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

அவர் தூக்கவில்லை. வலையை விட்டுவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்தார், யாராவது வருகிறார்களா என்று. குழாயடியில் நின்ற குழந்தையின் அம்மா, “தூக்கு மாமா, அழுவுது பாரு!” என்று கத்தினாள்.

அப்போதும் கை முன்னால் வரவில்லை. உட்கார்ந்தபடியே வலது காலை மட்டும் மெல்ல நீட்டிக் குழந்தையின் பக்கம் கொண்டுபோனார். குழந்தை அந்த முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அழுகையோடு எழுந்து நின்றது. அவர் மூச்சுக்கூட விடாமல் அசையாமல் இருந்தார். குடத்தை இறக்கிவிட்டு அந்தப் பெண் வந்து தூக்கிக்கொள்ளும்வரை, அக்கா அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.